ஒரே பெட்டி, இரு பராமரிப்பு மரபுகள்: இந்தியாவிலும் இலங்கையிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ்

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகளில் கியர்பாக்ஸை அடுத்து அமைந்திருக்கும் வார்ப்பு உலோகப் பெட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படுகிறது. எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ் வழியாக வரும் சுழல்விசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிப்பதும், செங்குத்தான ஏற்றத்திலும் சேற்றிலும் வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் தாழ்விகிதப் பல்சக்கரங்களைத் தருவதும் அதன் இரு பணிகள். இந்தியாவின் மலைத்தோட்டப் பாதைகளிலும் இலங்கையின் வனப் பூங்காக்களிலும் ஓடும் ஜீப்புகள் இப்பெட்டியை நம்பியே ஓடுகின்றன. ஆயினும் அதைப் பேணும் முறை இரு நாடுகளிலும் வெவ்வேறாக உருவாகியுள்ளது. உதிரிப்பாகம் எங்கிருந்து, எவ்வளவு எளிதாகக் கிடைக்கிறது என்பதே இவ்வேறுபாட்டின் வேர்.

இரு நாட்டு ஜீப்புகளுக்கும் மூலம் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் பயன்படுத்திய வில்லிஸ் ஜீப்பில் ஸ்பைசர் 18 என்னும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பொருத்தப்பட்டிருந்தது. போருக்குப் பின் வில்லிஸ் உரிமத்தின்கீழ் இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் ஜீப்புகளை உருவாக்கியது. ஜப்பானில் மிட்சுபிஷி நிறுவனம் அதே உரிமத்துடன் 1953இல் தொடங்கி 1998வரை ஜீப்புகளைத் தயாரித்தது. அந்த ஜப்பானிய ஜீப்புகளே இலங்கையில் பெருவழக்குப் பெற்று, அவற்றின் டீசல் எஞ்சினின் பெயரால் ‘4டிஆர்5 ஜீப்’ என்று இன்றும் அழைக்கப்படுகின்றன. ஆகவே, நீலகிரியில் ஓடும் பழைய மஹிந்திராவின் அடியிலும் நுவரெலியாவில் ஓடும் மிட்சுபிஷியின் அடியிலும் உள்ள பெட்டிகள் ஒரே குடும்ப வழியில் வந்தவை.

இவ்வகை ஜீப்புகளில் முன், பின் அச்சுகளின் வேக வேறுபாட்டை ஏற்கும் நடு டிஃபரென்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வில்லை வரைந்து செல்வதால், நான்கு சக்கர விசை இணைந்திருக்கும்போது அவ்வேறுபாடு சக்கரங்கள் சற்றே வழுக்குவதன் மூலமே தீர வேண்டும். சேறும் மணலும் அதற்கு இடம் தருகின்றன. உலர்ந்த தார்ச்சாலை தருவதில்லை. அப்போது எழும் முறுக்கம் பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் அழுத்துவதோடு, நான்கு சக்கர விசையை இணைக்கும் லீவரை விடுவிக்க முடியாதபடி இறுக்கியும் விடுகிறது. கடினமான சாலையில் நான்கு சக்கர விசையை இணைக்கக் கூடாது என்பதும், தாழ்விகிதத்துக்கு மாறும்முன் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதும் இதனால் இரு நாடுகளுக்கும் பொதுவான முதல் விதிகள்.

இந்தியாவில் பராமரிப்பு பெரும்பாலும் மாற்றிப் பொருத்துவதாக அமைந்திருக்கிறது. மஹிந்திரா ஜீப்புகளும், 1985இல் அறிமுகமான மாருதி ஜிப்ஸியும், 2010இல் வந்த மஹிந்திரா தாரும் உள்நாட்டிலேயே தயாரானவை என்பதால், அவற்றின் பேரிங், ஆயில் சீல், பல்சக்கரம் ஆகியவை புதியனவாகவே உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் பழைய பெட்டிகளும் முழுதாக விற்கப்படுகின்றன. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல், ஒரு குறுகிய புரொப்பெல்லர் ஷாஃப்ட்டால் இணைக்கப்பட்டு, ரப்பர் தாங்கிகளின்மீது தனியே நிற்கிறது. தாங்கி தளர்ந்து அதிர்வு எழும்போது அதைக் கழற்றிப் புதியது போடுவது அரை நாள் வேலை. நிறுவனங்கள் கிலோமீட்டர்க் கணக்கில் வகுத்த சர்வீஸ் அட்டவணை இம்முறைக்குத் துணை நிற்கிறது.

இம்முறையின் குறையும் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகள் கடக்கும் தொலைவு சிறிது; ஆனால் கரடுமுரடான அப்பாதையில் தாழ்விகிதத்தில் ஊர்ந்து ஏறும்போது, கியர்பாக்ஸிலிருந்து விசையை வாங்கும் பல்சக்கரங்கள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சமவெளியில் சுழல்வதைப் போலப் பல மடங்கு சுழல்கின்றன, சுமையும் அதிகம். கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றும் உரிமையாளர், பெட்டி உண்மையில் எவ்வளவு உழைத்தது என்பதை அறியாமல் போகிறார்.

இலங்கையின் நிலை வேறு. ஜப்பானில் ஓடிய வண்டிகளும் அங்கு கழற்றப்பட்ட பாகங்களும் இறக்குமதியாகியே அந்நாட்டின் தேவை நிறைவேறி வந்தது; கொழும்பின் பஞ்சிகாவத்தை அவ்வணிகத்தின் நடுவிடம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் படிப்படியாக மீண்டும் திறக்கப்பட்டது; இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடி பாகங்களின் விலையை உயர்த்தியது. இருப்பதைக் காப்பாற்றும் திறமை இச்சூழலில் கட்டாயமாயிற்று. 1990களில் உள்நாட்டுப் போரையொட்டிய பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஆங்கிலேயக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டதையும் நினைத்தால், இத்திறமைக்கு நீண்ட பயிற்சி உண்டு என்பது விளங்கும். பாஸ் எனப்படும் கராஜ் வினைஞர் பெட்டியை முழுவதும் பிரித்து, தேய்ந்த தண்டை லேத்தில் சீர்செய்து, புஷ்ஷைப் புதிதாகக் கடைந்து பொருத்துகிறார்.

இங்கும் இரு ஆபத்துகள் உள்ளன. தேய்ந்த தண்டின்மேல் வெல்டிங் செய்து தடிப்பேற்றும்போது, எஃகின் மேற்பரப்புக்கு ஊட்டப்பட்ட கடினத்தன்மை வெப்பத்தால் குலைகிறது. மீண்டும் கடினப்படுத்தித் தீட்டாவிட்டால் அத்தண்டு விரைவில் தேயும். வேறொரு வண்டியிலிருந்து வந்த அச்சைப் பொருத்தும்போது முன், பின் அச்சுகளின் கிரவுன் பல்சக்கர விகிதம் ஒன்றாக இருக்கிறதா என்று பல்லெண்ணிப் பார்க்க வேண்டும். இல்லையெனில் நேர்ச்சாலையிலும் பெட்டிக்குள் முறுக்கம் ஏறிக்கொண்டேயிருக்கும்.

இவ்வேறுபாட்டை இரு நாட்டவரின் இயல்பு என்று கொள்வது பிழை. மேற்கு வங்காளத்தின் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூ மலைமுகட்டுக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் பல பதிற்றாண்டுகளாக ஓடிவந்துள்ளன. புதிய பாகம் கிடைக்காத அந்த இந்திய மலைச்சிற்றூரிலும் பழுதுபார்க்கும் முறை இலங்கை முறையைப் போலவே அமைந்தது.

இரு நாடுகளிலும் ஒருங்கே புறக்கணிக்கப்படுவது ஆயில். எஞ்சின் ஆயிலை மாற்றுவோர் பலரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி ஆயில் உண்டு என்பதை மறந்துவிடுகின்றனர். ஸ்பைசர் வகையில் கியர்பாக்ஸுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள சீல் தேய்ந்தால் ஆயில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசிந்து, ஒரு பக்கம் வறண்டும் மறுபக்கம் நிரம்பியும் போவதால், இரண்டின் அளவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பழைய பல்சக்கர வகைகளுக்குப் பெரும்பாலும் 80-90 தடிப்புள்ள ஜிஎல்-4 ஆயிலும், சங்கிலியால் விசை கடத்தும் புதிய வகைகள் பலவற்றுக்கு ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயிலும் குறிக்கப்படுகின்றன. கையேடு சொல்வதே இறுதி. ஆயிலை வடிக்கும்முன் நிரப்பும் துளையின் திருகைத் திறந்து பார்ப்பது அறிவுடைமை, ஏனெனில் அது இறுகிக் கிடந்தால் வடித்த பெட்டியை மீண்டும் நிரப்ப வழியிராது. வடிந்த ஆயிலில் சாம்பல்நிற மென்குழைவு இயல்பான தேய்மானத்தையும், உலோகச் சில்லுகள் உடைந்த பல்லையோ பேரிங்கையோ, பால்நிறம் நீர் புகுந்ததையும் காட்டும். நீரோடைகளைக் கடக்கும் வண்டியில், சூடான பெட்டி திடீரெனக் குளிரும்போது உள்ளே உருவாகும் குறையழுத்தம் சீல் வழியே நீரை இழுக்காதபடி, பெட்டியின் மூச்சுக்குழாய் அடைபடாமலும் உயரத்திலும் இருக்க வேண்டும்.

ரீட்ரெட் செய்த டயர்களை இரு நாட்டவரும் சிக்கனம் கருதிப் பயன்படுத்துகின்றனர். புதிய டயரும் ரீட்ரெட் டயரும் தேய்ந்த டயரும் சுற்றளவில் வேறுபடக்கூடும் என்பதால், முன்னிணையில் ஒன்றும் பின்னிணையில் ஒன்றுமாகப் பூட்டி நான்கு சக்கர விசையை இணைப்பது, விகிதம் மாறிய அச்சைப் பொருத்துவதற்கு ஒப்பான தீங்கை விளைக்கும்.

இந்திய உரிமையாளர் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் வடிந்ததை ஆராயவும், மலைப்பாதையில் ஓடிய மணிநேரத்தைக் கணக்கில் சேர்க்கவும் பெட்டியைப் பிரித்து நேரில் பார்க்கும் இலங்கை பாஸிடம் கற்கலாம். இலங்கை உரிமையாளர் ஆயில் மாற்றிய நாளையும் பொருத்திய பாகத்தின் மூலத்தையும் எழுதிவைக்கும் ஒழுங்கை இந்திய சர்வீஸ் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாற்றும் வசதி இருக்கும் இடத்தில் ஆராயும் கண்ணும், ஆராயும் கண் இருக்கும் இடத்தில் பதிவேடும் சேரும்போதுதான் இப்பெட்டி தனக்குரிய முழு ஆயுளையும் வாழும்.