மெய்நிகர் அச்சமும் காரைக்கால் பேயும்

'கிச்சன்' என்பது ஜப்பானின் காப்காம் நிறுவனம் உருவாக்கிய குறு மெய்நிகர் திகில் விளையாட்டு. 2015-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஈ3 கண்காட்சியில் காட்டப்பட்டது. 2016 அக்டோபரில் பிளேஸ்டேஷன் வி.ஆர். கருவியோடு பொதுமக்களை அடைந்தது. 2017 ஜனவரியில் வெளிவந்த 'ரெசிடென்ட் ஈவில் 7' விளையாட்டுக்கு இது முன்னோட்டம் என்பது பின்னரே தெரிந்தது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆடுபவர் பாழடைந்த சமையலறையொன்றில் நாற்காலியில் கட்டுண்டு இருக்கிறார். தலையைத் திருப்பலாம், கட்டிய கைகளைச் சற்று அசைக்கலாம், அவ்வளவுதான். வீட்டிலும் அவர் நாற்காலியில் அமர்ந்து இரு கைகளாலும் ஒரே கருவியைத்தான் பிடித்திருக்கிறார். உடலின் நிலையும் கதையின் நிலையும் ஒன்றாகிவிடுகின்றன. அதன் பிறகு பெண்ணுருவம் ஒன்று வருகிறது, கத்தி தொடையில் இறங்குகிறது, கைகள் முகத்தை நோக்கி நீள்கின்றன.

இத்தகைய விளையாட்டுகளின் புகழ் பெரும்பாலும் எதிர்வினைக் காணொளிகளால் வளர்ந்தது. ஆடுபவர் அலறுகிறார், காலை உள்ளிழுக்கிறார், கண்ணாடியைக் கழற்றி எறிகிறார். பார்ப்பவர் சிரிக்கிறார். அலறல் எவ்வளவு பெரிதோ விளையாட்டு அவ்வளவு சிறந்தது என்ற அளவுகோலும் இப்படித்தான் நிலைபெற்றது. இது தவறான அளவுகோல்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு உதவும். அதன் முதல் நூற்பாவே 'பண்ணை' என்ற சொல்லோடு தொடங்குகிறது. அதற்கு விளையாட்டு என்று பொருள் சொல்வர். இளம்பூரணர் தம் உரையில் அச்சத்தை நான்காகப் பிரிக்கிறார். அஞ்சத்தக்க பொருள் ஒன்று. அதைக் கண்டது முதல் நீங்காமல் நிற்கும் அச்சம் இரண்டாவது. மனம் மயங்குவதும் மறைப்பதும் குறிப்பு. நடுக்கமும் வியர்வையும் சத்துவம். பிறர் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கடைசி ஒன்றுதான். எதிர்வினைக் காணொளி பதிவு செய்வதும் அதை மட்டுமே. திடுக்கிடலுக்கும் அச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கேமரா அறியாது.

மறைக்கப்பட்ட அச்சத்துக்குத் தமிழில் சிறந்த எடுத்துக்காட்டு காரைக்காலில் இருக்கிறது. பெரியபுராணத்தில் வணிகன் பரமதத்தன் உணவு உண்ணும்போது இரண்டாவது மாங்கனியைக் கேட்கிறான். அதை முன்பே சிவனடியாருக்குக் கொடுத்துவிட்ட புனிதவதி இறைவனை வேண்டி ஒரு கனி பெற்றுத் தருகிறார். அவன் நம்பாமல் இன்னொன்று கேட்க, அதுவும் வந்து, அவன் கையிலிருந்து மறைகிறது. அவன் அலறவில்லை. எவரிடமும் சொல்லவும் இல்லை. மனைவியைத் தொடாமல் சில காலம் உடன் வாழ்ந்து, வாணிபத்தின் பெயரால் கப்பலேறிப் போய்விடுகிறான். வேறு ஊரில் மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். நீங்காமல் நிற்கும் அச்சம் என்று இளம்பூரணர் சொன்னது இதுதான். இங்கே பேய் இன்னும் வரவேயில்லை. (இன்று ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாடனர் வீதியுலாவின்போது காரைக்கால் மக்கள் மாடிகளிலிருந்து மாங்கனி வீசுகிறார்கள், கூட்டம் முந்தியடித்துப் பிடிக்கிறது. கணவனின் திகிலை அங்கே நினைப்பவர் குறைவு.)

அம்மையார் ஊனுதறிப் பேயுரு எடுத்தபின் கயிலைக்குச் செல்லும் வழியில் கண்டவர்கள் வியந்து, அஞ்சி, ஓடியதாகச் சேக்கிழார் சொல்கிறார். வியப்பை அவர் முதலில் வைத்தது கவனிக்கத்தக்கது. 'கிச்சன்' விளையாட்டில் வியப்புக்கு இடமுள்ளது முதல் பாதியில் மட்டும்தான். மங்கிய ஒளி, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஓசை, திரும்பிப் பார்க்கத் தயங்கும் கழுத்து. பெண் முழுதாக வெளிப்பட்டபின் எஞ்சுவது திடுக்கிடல்தான். இரண்டாம் முறை ஆடும்போது கத்தி எப்போது இறங்கும் என்று தெரிந்துவிடுகிறது.

அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் சேர்த்து 22 பாடல்களே உள்ளன. அவையும் குறும் படைப்புகள், அவையும் நம்மைச் சூழலுக்குள் இழுப்பவை. கள்ளியும் நரியும் எரியும் பிணமும் நிறைந்த சுடுகாட்டில் ஒரு பேய் அணைந்த கொள்ளியை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. நம்மை அச்சுறுத்துவதற்காக அது எதையும் செய்வதில்லை. அங்கே குடியிருக்கிறது, அவ்வளவே. சுடுகாடு வீடாகிறது. காப்காம் எதிர்த்திசையில் போய், சமையலறையைச் சுடுகாடாக்கியது. இரண்டும் செல்லுபடியாகும் வழிகளே. ஆனால் அந்தச் சமையலறையில் வரும் பெண்ணுக்கு நம்மைக் குத்துவது தவிர வேறு வேலை எதுவும் தரப்படவில்லை. நாம் வருவதற்கு முன் அவள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு பாத்திரம்கூடச் சொல்வதில்லை.