பாறையேறுவோர் கைநூல்கள்: தெரிவும் பொறுப்பும்

வழிகாட்டி நூல்களை இலக்கியத்தின் புறத்தே நிறுத்துவது பொதுவழக்கு. பயணப்பையிற் கிடந்து கசங்கும் நூலுக்கு உரைநடைச் சிறப்பு எதற்கு எனக் கேட்பாருமுளர். ஆயினும், ஒரு சொல் பிழைத்தால் ஓர் உயிர் போகக்கூடிய உரைநடை வகைகள் மிகச் சிலவே. அவற்றுள் பாறையேறுவோர் கைநூலும் ஒன்று. எனவே, பிறநாட்டு மலைகளுக்குச் செல்வோர் எந்நூலைத் தெரிந்தெடுப்பது என்பதும் திறனாய்வாளன் கவனிக்கவேண்டிய வினாவேயாகும். இத்தாலியின் வடகிழக்கேயுள்ள டொலமைற் மலைகளில், திரே சீமே எனப்படும் முச்சிகரங்களைச் சான்றாகக் கொண்டு இதனை நோக்குவோம்.

இந்நூல்கள் இருவகைப்படும். ஒரு மலைத்தொகுதியின் ஏறுவழிகள் அனைத்தையும் பதிவுசெய்ய முயல்வன ஒருவகை; சிறந்தவையெனக் கருதுவனவற்றை மட்டும் தெரிந்து தருவன மற்றொருவகை. சில நாள் விடுமுறையில் வருவோர் பின்னதை நாடுவது இயல்பே. ஆனால் 'சிறந்தது' என்பது யாருக்குச் சிறந்தது? புகழ்பெற்ற வழிகளையே எல்லா நூல்களும் போற்றினால் எல்லாரும் அங்கேயே குவிவர். மேலே செல்வோர் தட்டிவிடும் கல் கீழே வருவோர் தலையில் விழும். தெரிவின் அளவுகோலை முன்னுரையிலே வெளிப்படையாகக் கூறாத நூலை நாம் ஐயத்துடனேயே அணுகவேண்டும்.

அடுத்தது தரம். வெல்சென்பாக் என்னும் ஜேர்மன் மலையேறி 1920களில் வகுத்த அளவுகோல் ஆறு படிகளைக் கொண்டது. ஆறாவது படியே மனித ஆற்றலின் எல்லையெனக் கருதப்பட்டது; 1970களின் இறுதியிலேயே ஏழாம் படி ஏற்றுக்கொள்ளப்பட்டது. முச்சிகரங்களில் உயர்ந்த சீமா கிராண்டேயின் வடமுகத்தில் எமிலியோ கோமிச்சியும் டிமாய் சகோதரர் இருவரும் 1933இல் வழிகண்டனர். பாறையில் அறைந்த ஆணிகளைப் பற்றி ஏறுவோர்க்கு அவ்வழி ஆறாம் தரம். ஆணிகளைக் காப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு கைகால்களாலேயே ஏறுவோர்க்கு ஏழாம் தரம். எந்த முறைக்கு எந்த எண் என்று சொல்லாத நூல் வாசகனை ஏமாற்றுகிறது. அன்றியும், முப்பது மீற்றர்ப் பாறையிற் பழகியவனுக்கு ஐந்நூறு மீற்றருக்கு மேற்பட்ட சுவரின் களைப்பையும், இடைவழியில் திரும்புதலின் அருமையையும் எண் ஒன்று உணர்த்திவிடாது. அதற்கு உரைநடையே வேண்டும்.

இன்று நிழற்படத்தின்மேல் கோடிட்டு வழிகாட்டும் நூல்கள் பெருகியுள்ளன. மொழியறியாதாருக்கும் பயன்படுவது அவற்றின் பெருநன்மை. எனினும் கல் எங்கே தளர்ந்துள்ளது, எந்த இடத்துக்கு அப்பால் திரும்பமுடியாது என்பவற்றைக் கோடு கூறாது. நூலை மதிப்பிட விரும்புவோர் முதலில் இறங்குவழிப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாராக. 2,999 மீற்றர் உயரமுள்ள அச்சிகரத்தின் வடமுகத்தால் ஏறியவர்கள் தென்புறத்தாலேயே இறங்குகின்றனர். களைப்பும் மாலையிருளும் இடிமழையும் ஒருங்கு சேரும் வேளை அது. ஏறுவதற்கு இரண்டு பக்கமும் இறங்குவதற்கு ஒரு வரியும் ஒதுக்கும் நூல் புகழை நாடுகிறதேயன்றி மனிதனை நினைக்கவில்லை.

அத் தென்வழி 1869இல் திறக்கப்பட்டது. வியன்னாவினரான பவுல் குரோமானின் பெயரால் மட்டும் அதனைக் குறித்து நின்றுவிடுவது நேர்மையாகாது. வழிகாட்டிகளான பிரான்ஸ் இன்னர்கொப்ளரும் பீற்றர் சால்ஹரும் அவருடன் சென்றனர். கூலிக்கு உழைத்தவன் பெயரை வரலாறு விழுங்கும் வழக்கம் மலையுச்சியிலும் உண்டு. இது நீதி பற்றிய கேள்வி மட்டுமன்று. அம்மலையடியில் வாழ்வோரையும், மலைக்குடில் நடத்துவோரையும் கேட்டு எழுதப்பட்ட நூலே வழியை நன்கறிந்த நூலாகவும் இருக்கும்.

பெயர்களிலும் வரலாறு புகுந்துள்ளது. முதலாம் உலகப்போரின் பின், 1919இன் உடன்படிக்கையால், ஒஸ்திரியாவின் தென்திரோல் இத்தாலிக்குச் சென்றது, இடப்பெயர்கள் இத்தாலியமாக்கப்பட்டன. ஜேர்மன் மொழியில் 'டிறை சின்னென்' என வழங்குவதும் இத்தாலியத் 'திரே சீமே'யும் ஒன்றே. இரு பெயர்களையும் தரும் நூலே, வழி கேட்கும்போதும் ஆபத்தில் உதவி கோரும்போதும், வேற்றுநாட்டானுக்குத் துணையாகும்.

இறுதியாக ஆண்டைப் பார்க்கவேண்டும். மலை நிலையானதென்பது கவிமரபு. 2007இல் அருகிலுள்ள ஐன்சர் சிகரத்திலிருந்து பெரும்பாறைத்திரள் சரிந்தது. 2022 யூலை 3இல் மார்மொலாடாவின் பனிப்பாளம் உடைந்து பதினொருவர் மாண்டனர். பழைய பதிப்பை வரலாற்றுக்காகப் படிக்கலாம். கால் வைப்பதற்குப் புதிய பதிப்பும், அன்றன்று மலைக்குடிலிற் பெறும் செய்தியும் வேண்டும்.

தெரிவின் காரணத்தைக் கூறி, தரத்தை விளக்கி, இறங்கும் வழியைக் காட்டி, உழைத்தோரை மறவாமல், தான் எழுதப்பட்ட காலத்தையும் மறைக்காத நூலை வாங்குக. அத்தகைய நூலின் ஆசிரியன் தன் வாசகன் உயிரோடு வீடு திரும்பவேண்டுமென எண்ணி எழுதியவன். நம் எழுத்தாளர் பலர் அவனிடம் கற்கவேண்டியது உண்டு.