கொடுத்த கையும் விலகிய கையும்

கொரியத் திரைப்படங்களும் பாடல்களும் தொடர்நாடகங்களும் உலகெங்கும் பரவியதற்கு அந்நாட்டு அரசின் திட்டமே காரணம் என்பர் ஒரு சாரார்; கலைஞரின் திறமையே காரணம் என்பர் மறு சாரார். இரண்டும் பாதி உண்மைகளே என நாம் கருதுகிறோம்.

அரசின் பங்கை மறுப்பதற்கில்லை. 1994இல் குடியரசுத் தலைவரிடம் அளிக்கப்பட்ட அறிக்கையொன்று, ‘ஜுராசிக் பார்க்’ என்னும் ஒரே படத்தின் வருவாய் 15 இலட்சம் ஹூண்டாய் கார்களை விற்பதற்கு ஈடானது எனக் கணக்கிட்டது. பண்பாடும் ஏற்றுமதிப் பொருளே என்னும் எண்ணம் ஆட்சியாளரிடையே வேரூன்றியது. 1997இன் நிதி நெருக்கடி அதனை மேலும் வலுப்படுத்தியது. 1998இல் பதவியேற்ற கிம் தே ஜுங்கின் அரசு, மறு ஆண்டே பண்பாட்டுத் தொழில் வளர்ச்சிக்கென அடிப்படைச் சட்டம் இயற்றி நிதி வழங்கியது.

ஆயினும் பணம் மட்டுமே கலையைப் பிறப்பித்துவிடுமா? 1996இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், திரைப்படங்களை முன்கூட்டியே தணிக்கை செய்வது சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. உதவி செய்வது, ஆனால் தலையிடாதிருப்பது என்பதைக் கிம் தே ஜுங் தம் கொள்கையாக அறிவித்தார். நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்த ஜப்பானியக் கலைப்படைப்புகளுக்கும் 1998 முதல் படிப்படியாகக் கதவு திறந்தார். உள்நாட்டுக் கலை அழிந்துவிடும் என்று அஞ்சியோர் பலர். நிகழ்ந்ததோ வேறு: 2003இல் ‘வின்டர் சொனாட்டா’ என்னும் கொரியத் தொடரே ஜப்பானிய இல்லங்களுக்குள் நுழைந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பார்க் குன் ஹே ஆட்சியில், அரசு உதவி மறுக்கப்பட வேண்டிய கலைஞர்களின் இரகசியப் பட்டியல் தயாரிக்கப்பட்டது 2016இல் அம்பலமாயிற்று. இயக்குநர் போங் ஜூன் ஹோ, எழுத்தாளர் ஹான் காங் ஆகியோரின் பெயர்களும் அதில் இருந்ததாகச் செய்திகள் வெளியாயின. 2020 பிப்ரவரியில் போங்கின் ‘பாரசைட்’ நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அப்பட்டியல் அரசியலமைப்புக்கு முரணானது என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980இன் குவாங்ஜு படுகொலையை நாவலாக்கிய ஹான் காங், 2024இல் நோபல் பரிசு பெற்றார்.

‘பாரசைட்’ காட்டுவது நிலவறை வீட்டில் அல்லலுறும் ஏழைக் குடும்பத்தை. நாட்டின் பெருமையைப் பறைசாற்ற விழையும் எந்த அலுவலகமும் இக்கதையைக் கேட்டு வாங்கியிராது. ஆனால் உலகம் கொரியாவை அடையாளம் கண்டுகொண்டது இத்தகைய கதைகளாலேயே. கொரிய வெற்றியைப் பின்பற்ற விழையும் அரசுகள் நிதி ஒதுக்கீட்டை மட்டும் நோக்குகின்றன. தம்மைச் சாடும் படைப்பையும் பொறுத்துக்கொள்ளும் மனம் தமக்கு உண்டா என்பதையே அவை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.