ராமானுஜனும் ஃபெயில்தான்

1

2008 மே மாதம், ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மத்தியானமே மாமா டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்துவிட்டார். கணக்கில் எனக்கு 200-க்கு 171. 195-க்குக் குறையாது என்று நானே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே அம்மா பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார்.

“ராமானுஜமே ஃபெயிலானவருதான்டா மாப்ள. அதுவும் நம்ம கும்பகோணத்து காலேஜ்ல. அப்புறம் லண்டன்காரன் கூப்புட்டு வெச்சுக்கலையா? போயி மூஞ்சியக் கழுவிட்டு வா, சாப்புடுவோம்.”

காவிரிப் படுகையில் மார்க் குறைந்த பிள்ளைகள் எல்லாருக்கும் இந்த வாக்கியம் ஒருமுறையாவது கிடைத்திருக்கும். பள்ளிக்கூட ஆண்டு விழா மேடையில் சொல்வார்கள். டிசம்பர் 22 தேசிய கணித தினம் என்று ஆன பிறகு வாட்ஸ்அப்பிலும் வருகிறது. ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள், சந்தேகமில்லை. எனக்கு அன்று அது ஆறுதலாக இல்லை. ஏன் இல்லை என்று புரிய பதினைந்து வருடம் ஆனது.

முதலில், நான் ஃபெயிலாகவில்லை. கணக்கு மார்க்கை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதுக்கும் குறைத்துக் கூட்டினால் 200-க்கு வரும் எண்ணைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். 2007-இல் நுழைவுத்தேர்வு ஒழிந்த பிறகு இன்ஜினியரிங்குக்கு அந்த ஒரு எண்தான். கணக்கில் 24 மார்க் போனால் கட்-ஆஃபில் 12 போகும். 189.5 என்று நினைத்திருந்த எனக்கு 177.5 வந்தது. அரை மார்க்குக்கே ஒரு காலேஜ் கைநழுவும் வரிசையில் அந்தப் பன்னிரண்டுக்குள் ஆயிரக்கணக்கான பேர் நின்றார்கள். அவர்களில் யாரும் ராமானுஜன் இல்லை. நானும் இல்லை. மேதைகளுக்கு வேண்டுமானால் அந்தக் கதை உதவும், சுமாராகப் படிக்கிறவன் என்ன செய்வான்?

இந்தக் கேள்வியோடுதான் ராமானுஜனைப் பற்றிய புத்தகங்களுக்குள் போனேன்.

2

ராமானுஜன் தோற்ற கதையை முழுசாகச் சொல்பவர்கள் குறைவு. அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதியவர். வீடு கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கி, 1904-இல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். காவிரிக் கரையில் இருக்கும் அந்தக் கல்லூரிக்குத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர். கணக்கைத் தவிர எதையும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் போனது, அதோடு உதவித்தொகையும் போனது. 1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் ஓடினார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வு எழுதினார். ஃபெயில். 1907-இல் மறுபடி எழுதினார். மறுபடி ஃபெயில். கணக்கு மட்டும் பாஸ்.

என் தொழில் மொழியில் சொன்னால் எஃப்.ஏ. தேர்வு ஒரு ‘அண்ட்’ கண்டிஷன். எல்லாப் பாடத்திலும் ட்ரூ வந்தால்தான் மொத்தமும் ட்ரூ. ஒன்றில் எத்தனை வாங்கினாலும் இன்னொன்றின் பள்ளத்தை அது நிரப்பாது. நம் கட்-ஆஃப் வேறு மாதிரி: அது கூட்டல். தமிழ், ஆங்கில மார்க்கை அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கூட்டலுக்கு வருவதற்கு முன்னால் எல்லாப் பாடத்திலும் பாஸாகியிருக்க வேண்டும். ஆக, இன்றைய விதிப்படியும் அந்த மார்க் ஷீட்டோடு ராமானுஜன் கவுன்சிலிங்குக்கு வந்திருக்க முடியாது. ஒரு வித்தியாசம் உண்டு. இன்று சில வாரங்களில் துணைத்தேர்வு வரும். அவருக்கு ஒவ்வொரு தோல்வியும் ஒரு வருடம்.

அவரைக் கெடுத்தது என்று சொல்லப்படும் புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பள்ளி கடைசி வருடங்களில் கையில் கிடைத்த ஜி. எஸ். கார் என்பவரின் கணிதத் தொகுப்பு அது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிரூபணம் என்று அதிகம் ஒன்றும் இருக்காது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றப் பாடங்களை விட்டார். அந்தக் கார் யார்? கேம்பிரிட்ஜ் ட்ரைப்போஸ் தேர்வுக்குப் பையன்களைத் தயார் செய்த டியூஷன் வாத்தியார். அவருடைய கோச்சிங் நோட்ஸின் விரிவுதான் அந்த நூல். பரீட்சைக்காக எழுதிய ஒரு கைடுதான் ராமானுஜனைப் பரீட்சையிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போனது. டியூஷன் சென்டர் போஸ்டர் ஒட்டாத சுவரே இல்லாத தஞ்சாவூரிலிருந்து வந்தவனுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது.

3

இந்தக் கதையை முதலில் உலகத்துக்குச் சொன்னவர் ஹார்டி. அவர் சொன்னதைத்தான் நாம் பாதி கேட்டு வைத்திருக்கிறோம்.

1920 ஏப்ரல் 26-இல் ராமானுஜன் 32 வயதில் இறந்த பிறகு ஹார்டி ஓர் அஞ்சலிக் குறிப்பு எழுதினார். இளமையிலேயே ராமானுஜனைப் பிடித்துப் பழக்கியிருந்தால் இன்னும் பெரிய கணித மேதை ஆகியிருப்பார். ஆனால் அப்போது அவரிடம் ராமானுஜன் குறைந்து ஐரோப்பியப் பேராசிரியர் கூடியிருப்பார். வரவைவிட இழப்பு பெரிதாக இருந்திருக்கலாம் என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. நம் மேடைப்பேச்சு முழுக்க இதன் பேரப்பிள்ளைதான்: தோற்றதால்தான் அவர் அவரானார்.

பதினாறு வருடம் கழித்து, 1936-இல் ஹார்வர்டில் பேசும்போது ஹார்டி தன் வாக்கியத்தைத் தானே அடித்துத் திருத்தினார். அது வெறும் உணர்ச்சிப் பேச்சு, அபத்தம் என்றார். கும்பகோணம் கல்லூரி தன்னிடமிருந்த ஒரே பெரிய மனிதனைத் தள்ளிவிட்டதில் யாருக்கும் எந்த லாபமும் இல்லை. வளைந்து கொடுக்காத கல்வி முறை செய்யக்கூடிய கேட்டுக்குத் தனக்குத் தெரிந்த மிக மோசமான உதாரணம் இது என்றார். ராமானுஜன் சீக்கிரம் இறந்ததைவிட, கற்க வேண்டிய வயதில் ஐந்து வருடம் வழிதப்பி அலைய விடப்பட்டதுதான் உண்மையான துயரம் என்பது அவருடைய கடைசித் தீர்ப்பு. தேவைப்பட்டது ரொம்பக் கொஞ்சம் என்கிறார்: வருடத்துக்கு 60 பவுண்டு வீதம் ஐந்து வருடம், விஷயம் தெரிந்த யாரோ ஒருவருடன் அவ்வப்போது பேச்சு.

அந்த 60 என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று ஒரு பவுண்டு 15 ரூபாய். 60 பவுண்டு 900 ரூபாய். மாதத்துக்கு 75. 1913-இல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்குக் கொடுத்த ஆராய்ச்சி உதவித்தொகை எவ்வளவு தெரியுமா? மாதம் 75 ரூபாய். ஹார்டி சொன்ன தொகை வந்து சேர்ந்தது, எட்டு வருடம் தாமதமாக. மாமாவின் வாக்கியத்தில் இல்லாமல் போவது இந்த எட்டு வருடம்தான். “அப்புறம் லண்டன்காரன் கூப்புட்டு வெச்சுக்கலையா” என்பதில் அந்த ‘அப்புறம்’ என்ற ஒற்றைச் சொல் அத்தனையையும் விழுங்கிவிடுகிறது.

ஹார்டியோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அவர் கல்லூரியைத் திட்டுகிறார். ஆனால் அந்தத் தேர்வை வகுத்தது கும்பகோணம் இல்லை, மெட்ராஸ் பல்கலைக்கழகம். 1857-இல் அதை லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து, பாடம் நடத்தாமல் பரீட்சை மட்டும் வைக்கும் அமைப்பாகத்தான் தொடங்கினார்கள். கேம்பிரிட்ஜில் ட்ரைப்போஸ் தேர்வை ஒழிக்கணும் என்று சண்டை போட்டவர் ஹார்டி. கும்பகோணத்தில் கண்ட வியாதி தன் ஊர்ச் சரக்கு என்பதை அவர் சொல்லியிருக்கலாம். கும்பகோணம் கல்லூரியில் மனிதர்களும் இருந்தார்கள். அங்கே பாடம் நடத்திய சேஷு ஐயர்தான் பிறகு ராமானுஜனுக்குத் துணை நின்றார். அவர் இருந்தும் விதியில் இன்னொரு வழி இல்லை.

4

அந்த வழி எப்படித் திறந்தது என்பது இந்தக் கதையிலேயே பொருள் நிறைந்த பகுதி. திரைப்படங்கள் அதை ஓட்டமாக ஓடிக் கடக்கின்றன. 2015-இல் வந்த ஆங்கிலப் படத்தில் தேவ் படேல் அறிமுகமாகும்போதே மெட்ராஸில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார், கும்பகோணம் முடிந்துபோன சங்கதி. 2014-இல் ஞான ராஜசேகரன் எடுத்த ‘ராமானுஜன்’ சிறுவயதிலிருந்து தொடங்குகிறது, அந்த வகையில் நேர்மையான படம். ஆனாலும் அதில் தோல்விகள் துக்கக் காட்சிகளாகத்தான் வருகின்றன. விதிகளாக, படிவங்களாக வருவதில்லை.

ராபர்ட் கனிகல் 1991-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அந்தக் காகிதங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. 1910 வாக்கில் ராமானுஜன் நோட்டுப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் போகிறார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அவர் வழியாகச் சென்னையில் மற்றவர்கள், பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் கைக்காசிலிருந்து மாதாமாதம் கொடுக்கிறார். 1912 மார்ச் 1-இல் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தா வேலை. அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் தானே கணிதம் படித்தவர். 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஹார்டிக்குப் போகிறது. அதற்கு முன் கேம்பிரிட்ஜில் இரண்டு பேர் உதவ மறுத்திருந்தார்கள்.

உதவித்தொகை விஷயம் சிண்டிகேட்டுக்கு வந்தபோது பழைய முட்டுக்கட்டை மறுபடி வந்தது: பட்டம் இல்லாதவனுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை தர விதியில் இடமில்லை. அப்போது எழுந்த வாதத்தைக் கனிகல் பதிவு செய்கிறார். பல்கலைக்கழகத்தைப் பற்றிய சட்டத்தின் முகவுரையே ஆராய்ச்சியை வளர்ப்பதை அதன் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது, அந்த நோக்கத்துக்கு இவன் பொருந்துகிறான் என்ற வாதம். உதவித்தொகை கிடைத்தது. 1916-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்காகக் கொடுத்த பி.ஏ.தான் அவர் வாழ்க்கையில் பெற்ற முதல் பட்டம். மேதைமையை ஒரு தட்டில் வைத்தால் மறு தட்டில் அந்த முகவுரையைத் தேடிப் படித்த ஆளையும் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஐயர், ஐயர், ராவ், ஐயர். ஒருவர் கைக்கடிதம் கொடுத்து அடுத்தவரிடம் அனுப்பிய சங்கிலி அது. அவர்கள் நல்ல மனிதர்கள், செய்தது பெரிய காரியம். ஆனால் அதே 1910-இல் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு பண்ணையாளின் மகன் கையில் அதே நோட்டுப்புத்தகம் இருந்திருந்தால் அவன் எந்தத் திண்ணையில் ஏறியிருக்க முடியும்? ராமானுஜனின் கதை ‘கண்டுபிடிக்கப்பட்டவனின்’ கதை. யார் கண்ணில் யார் படலாம் என்பதை அந்தக் காலம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது.

5

2008 ஜூலையில் நானும் அப்பாவும் தஞ்சாவூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, கோயம்பேட்டில் இறங்கி, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போனோம். மரத்தடியெல்லாம் குடும்பங்கள், சாப்பாட்டுப் பை, ஃபைல். உள்ளே பெரிய திரையில் காலேஜ் பெயர், பிரிவு, ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி என்று கட்டங்கள், கட்டத்துக்குள் எண்கள். மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், அப்புறம் பூஜ்யம். நான் மனசில் வைத்திருந்த மூன்று காலேஜும் என் கண் முன்னால் பூஜ்யமாயின. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, எண் படிக்க வரும். “இதுல ரெண்டு இருக்குடா” என்று கையை நீட்டினார். அதைத்தான் எடுத்தேன்.

அந்தத் திரையை ரொம்ப நாள் வெறுத்தேன். இப்போது ஹார்டியையும் கனிகலையும் படித்த பிறகு வேறு மாதிரி பார்க்கிறேன். அதன் முன்னால் யாருடைய கைக்கடிதமும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆறு மா நிலத்துக்காரர் ஒருவர், யார் வீட்டுத் திண்ணையிலும் ஏறாமல், தன் மகனுக்கு ஒரு சீட்டைச் சுட்டிக்காட்ட முடிந்தது. ஒற்றைச் சாளர முறையும் 69 சதவீத இடஒதுக்கீடும் சேர்ந்து செய்த காரியம் அது. கண்டுபிடிக்கப்படாதவர்களுக்கும் அங்கே வரிசையில் ஓர் இடம் இருந்தது. அதிலும் குறை உண்டு. ஒரு நாள் காய்ச்சலில் எழுதிய பரீட்சையை அந்த எண் மன்னிக்காது. கடைசியில் மிஞ்சும் சீட்டுகள் எந்த மாதிரிக் காலேஜில் மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும், நாலு வருடம் படித்திருக்கிறேன். ஆனாலும் எங்களை மாதிரிக் குடும்பங்களுக்கு மேதையின் கதையைவிட அந்தத் திரைதான் நெருங்கிய சொந்தம்.

போன வருடம் அக்கா மகள் ஃபோன் பண்ணினாள். அவளுக்கும் கணக்குதான் காலை வாரியிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, “மாமா, ராமானுஜன் கதைய மட்டும் சொல்லிடாதீங்க. மன்னார்குடித் தாத்தா காலையிலயே சொல்லிட்டாரு” என்றாள். அவர்தான் என் மாமா.

நான் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து போன வருடத்துக் கட்-ஆஃப் பட்டியலை இறக்கினேன். விடைத்தாள் நகலுக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்கணும், எத்தனையாவது சுற்றில் அவள் எண் வரும், இன்ஜினியரிங் அமையாவிட்டால் கணிதத்தில் பி.எஸ்ஸி., அதை முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரும் வழி. ரெண்டு மணி நேரம் பேசினோம். மறுகூட்டலில் மார்க் ஏறவில்லை. கடைசிச் சுற்றில் சிவில் கிடைத்தது, ஊரிலிருந்து தூரம்தான்.

மாமாவின் வாக்கியத்தை இவ்வளவு தூரம் குறை சொன்னவன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2008-இல் கவுன்சிலிங்குக்குக் கட்ட வேண்டிய டிடிக்கும் முதல் வருட ஃபீஸின் ஒரு பகுதிக்கும் அப்பாவிடம் பணம் இல்லை. குறுவை நாற்றுவிட்டு முடித்த கை. மாமா தன் மோதிரத்தைக் கூட்டுறவுச் சொசைட்டியில் வைத்துப் பணம் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். எனக்கு அது ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரியும். அவர் வாயில் வந்தது ஹார்டி அடித்துத் திருத்திய பழைய வாக்கியம். கையால் செய்தது அந்த 60 பவுண்டு.

அக்கா மகளுக்குச் சீட்டு கிடைத்த அன்று சாயங்காலம் மாமா எனக்கு ஃபோன் பண்ணினார். ராமானுஜனைப் பற்றி எதுவும் பேசவில்லை.

“மாப்ள, ஹாஸ்டல் ஃபீஸு எவ்வளவு சொல்றாங்க?” என்று கேட்டார்.