தொடாமல் திருத்துதல்

கணினி விளையாட்டுக்கு ஆயுள் குறைவு. புதிய பதிப்பு வந்துவிட்டால் பழையதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரயில் ஓட்டும் விளையாட்டுகள் மட்டும் இந்த வழக்கத்துக்கு அடங்க மறுக்கின்றன. 2001-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘ட்ரெய்ன் சிமுலேட்டர்’ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் வெளியிட்டவர்களின் தயவில் அல்ல. இங்கிலாந்தின் கூஜு நிறுவனம் உருவாக்கிய அந்த விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் கொண்டுவர இரண்டு முறை முயன்றார்கள். முதல் முயற்சி 2004-ல் கைவிடப்பட்டது. 2007-ல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது முயற்சி, 2009 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் ஏசஸ் ஸ்டூடியோ மூடப்பட்டபோது அதோடு சேர்ந்து போயிற்று. வாரிசில்லாமல் நின்ற சொத்தில் ஆர்வலர்கள் கைவைத்தார்கள். ‘ஓப்பன் ரெயில்ஸ்’ என்ற பெயரில் அவர்கள் எழுதிய திறமூல மென்பொருள் 2015-ல் 1.0 பதிப்பை எட்டியது. பழைய விளையாட்டுக்காக உருவான தடங்களையும் எஞ்சின்களையும் பெட்டிகளையும் வாசித்து, தன் சொந்தக் கணக்கின்படி ஓட்டிக்காட்டுவதே அதன் வேலை. பழையதையும் புதியதையும் இணைக்கப் பல வழிகள் உண்டு. அவற்றில் உயர்ந்தது, பழைய கோப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அதை வாசிக்கும் விதத்தை மட்டும் மாற்றுவது என்பது என் கட்சி.

முதலில் பழையதில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். வட்டில் ஆறு தடங்கள் வந்தன: அமெரிக்காவின் வடகிழக்குத் தாழ்வாரம், மொன்டானா மாநிலத்தில் மரியாஸ் கணவாய், இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்–சங்க்ட் அன்டோன், ஜப்பானில் டோக்கியோ–ஹகோனே, கியூஷு தீவின் ஹிசாட்சு. இந்த ஆறோடு மட்டும் நின்றிருந்தால் விளையாட்டு ஐந்து ஆண்டுகளில் மறக்கப்பட்டிருக்கும். அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம், எஞ்சினின் எடை, இழுவிசை, பிரேக் அழுத்தம் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகளில் இருந்ததுதான். நோட்பேட் தெரிந்த எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். நிலப்பரப்பு 2048 மீட்டர் சதுரங்களாக வெட்டப்பட்டிருந்தது. தண்டவாளத் துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தந்து ஒரே பொதுக் கோப்பில் பட்டியலிட்டிருந்தார்கள். ஆர்வலர்கள் அந்தப் பட்டியலை வளர்த்த விதம் பாராட்டுக்குரியது. புதிய வளைவுகளுக்கும் பாயிண்ட்டுகளுக்கும் புதிய எண்கள் தந்தார்களே ஒழிய, பழைய எண்ணைப் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுக்கவில்லை. ஆகவே பிற்காலப் பட்டியலை வைத்துக்கொண்டு முற்காலத் தடத்தையும் ஓட்ட முடிந்தது. எந்த நிறுவனமும் கண்டுகொள்ளாத நாடுகளின் ரயில்கள் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. நம் ஊர் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினையும், பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளையும் திரையில் முதலில் பலர் பார்த்தது, ஆர்வலர்கள் கூலி வாங்காமல் செய்து கொடுத்த கோப்புகளில்தான்.

இனி இணைப்பின் நுட்பத்துக்கு வரலாம். ஓர் எஞ்சினின் கோப்புறைக்குள் ‘ஓப்பன்ரெயில்ஸ்’ என்ற பெயரில் ஓர் உட்கோப்புறை போடுவார்கள். அதற்குள் பழைய கோப்பின் அதே பெயரில் ஒரு புதிய கோப்பு இருக்கும். அதன் தொடக்கத்தில் ‘இன்க்ளூட்’ என்ற ஒரே கட்டளை. மேலே உள்ள பழைய கோப்பை முழுவதும் வாசித்துக்கொள் என்று அது சொல்லும். அதற்குக் கீழே மாறவேண்டிய மதிப்புகள் மட்டும் சில வரிகளில் வரும். புதிய மென்பொருள் இந்த உட்கோப்புறையைத் தேடிப் படிக்கும். 2001-ன் விளையாட்டுக்கு அப்படி ஒரு கோப்புறை இருப்பதே தெரியாது. அது பாட்டுக்குப் பழையதைத் திறந்து பழையபடி ஓட்டும். ஒரே எஞ்சின், ஒரே உருவம், இரண்டு காலத்து நடத்தை. நம் உரையாசிரியர்கள் செய்தது இதைத்தான். குறளுக்கு உரை எழுதியவர் பதின்மர் என்பார்கள். மூலத்தை வெட்டி ஒட்டிவிட்டு அதைத் தம் உரை என்று சொல்லும் உரிமை அவர்களில் யாருக்கும் இருந்ததில்லை. மூலம் மேலே நிற்கும், உரை கீழே வரும், பிடிக்காதவர் வேறு உரையைத் தேடிப் போகலாம். அதுபோல ஓர் எஞ்சினுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகப் புது மதிப்புகள் எழுதினாலும் மூலம் கெடுவதில்லை. எதையும் அழிக்காமல் எதையும் மாற்றிப் பார்க்கலாம் என்ற இந்த வசதி, ஒரு நிரலாளரின் சிக்கனத்தில் பிறந்திருக்கலாம். இருந்தாலும் அதில் ஓர் ஆசாரியின் கை தெரிகிறது.

அந்தச் சில வரிகள் என்ன சாதிக்கின்றன என்று கேட்கலாம். ஒரு ரயில் நகரும்போது அதை எதிர்க்கும் விசையை டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926-ல் ஒரு சூத்திரமாக எழுதினார். அதில் ஒரு பகுதி வேகம் எதுவானாலும் மாறாதது, ஒரு பகுதி வேகத்தோடு கூடுவது, மூன்றாவது வேகத்தின் இருமடியோடு கூடுவது. பழைய கோப்புகளில் உராய்வுக்கான வரிகள் உண்டு. ஆனால் அவற்றை எழுதுவது கடினமாக இருந்ததால் பலரும் விளையாட்டோடு வந்த ஏதோ ஒரு பெட்டியின் எண்களை அப்படியே நகலெடுத்து வைத்தார்கள். விளைவு, நிலக்கரி வாகனும் பயணிகள் பெட்டியும் ஒரே மாதிரி உருண்டன. ஓப்பன் ரெயில்ஸ் டேவிஸின் மூன்று எண்களையும் நேரடியாக வாங்கிக்கொள்கிறது. வளைவில் சக்கரம் உரசுவதால் வரும் கூடுதல் தடையையும் கணக்கில் எடுக்கிறது. பிரேக் குழாயில் காற்றழுத்தம் குறையும் செய்தி பெட்டி பெட்டியாகப் பின்னால் போய்ச் சேர நேரம் ஆகும் என்பதைப் பழையதை விட நுணுக்கமாகக் காட்டுகிறது. மரியாஸ் கணவாயின் உச்சி ஏறத்தாழ 1,590 மீட்டர். அங்கிருந்து நீண்ட கூட்ஸ் வண்டியை இறக்கும்போது, பிரேக்கை எப்போது பிடிப்பது என்பதை விட எவ்வளவு முன்னதாகப் பிடிப்பது என்பதே பிரச்சினை என்று அப்போதுதான் புரியும். செட்டில்–கார்லைல் தடத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றம் மைல் கணக்கில் நீள்கிறது. சிலிண்டருக்குள் நீராவி விடும் அளவைத் தாராளமாக வைத்துக்கொண்டு ஏறினால், ரிபில்ஹெட் பாலத்தின் 24 வில்வளைவுகளைத் தாண்டும் முன்பே கொதிகலன் களைத்துப்போகும். (அந்தத் தடத்தில் 2001-ல் ஓடவிட்ட ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்’ எஞ்சின் கிழக்குக் கரைப் பாதையில் புகழ்பெற்றது, வேறு கம்பெனியுடையது. கலப்படத்தைத் தொடங்கிவைத்தவர்கள் ஆர்வலர்கள் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.) இவற்றை விட எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். உண்மையான தடங்களில் வளைவு வரும்போது வெளிப்பக்கத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி வைத்திருப்பார்கள். பழைய விளையாட்டில் எல்லா வளைவும் தரையோடு தட்டை. புதிய மென்பொருள் அதே தடக் கோப்பிலிருந்து வளைவின் அளவை எடுத்துக்கொண்டு, ஓடும்போதே வெளித் தண்டவாளத்தை உயர்த்திக் காட்டுகிறது. தடம் செய்தவர் அதை வரையவில்லை. ஆனால் அவர் சரியான வளைவைப் போட்டிருந்ததால் உயர்வு தானாக வந்துவிடுகிறது.

எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் இந்தக் கலையில் அடக்கம். சொல்லப்போனால் பாதிக் கலை அதுதான். பழைய விளையாட்டில் 2 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மரமும் வீடும் தெரியாது. தடம் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால் தண்டவாளத்தை ஒட்டி மட்டும் நட்டு, கட்டி, நிரப்பினார்கள். ஓப்பன் ரெயில்ஸில் பார்வைத் தொலைவை 10 கிலோமீட்டர் வரை இழுக்கலாம். இழுத்தால் என்ன ஆகும்? மொட்டைத் தரையும், நிலச் சதுரங்கள் முடிந்து உலகம் வெட்டுப்பட்டு நிற்கும் விளிம்பும் கண்ணில் படும். வசதி இருக்கிறது என்பதற்காக அதை எல்லைவரை திருகுகிறவர், பழைய கைவினைஞர் மறைத்து வைத்த இடங்களை அம்பலப்படுத்துகிறாரே தவிர எதையும் மேம்படுத்தவில்லை. உருவங்களைக் கலப்பதிலும் இதே கதைதான். ஆயிரக்கணக்கான முகங்களோடு ஆணி ஆணியாகச் செதுக்கிய புது எஞ்சினை, இரண்டு அட்டைகளைக் குறுக்கே செருகியது போன்ற 2001-ன் மரங்களுக்கு நடுவில் நிறுத்தினால் எஞ்சின் அழகாகத் தெரியாது, மரம்தான் அசிங்கமாகத் தெரியும். நல்ல ரசனை உள்ளவர்கள் ஒரு தடத்துக்கு அதன் காலத்து உருவங்களையே வைத்துக்கொண்டு, இயக்கத்தை மட்டும் புதிதாக்குகிறார்கள். கண்ணுக்குப் பழசு, கைக்குப் புதுசு. இந்தக் கலவை உறுத்துவதில்லை. எதிர்த்திசையில், புதிய தோலின் கீழ் பழைய இயக்கத்தை வைத்தவை சில நிமிடங்களில் சலித்துவிடுகின்றன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ‘அன்ரியல் எஞ்சின்’ என்ற விளையாட்டு மென்பொருளில் செய்த ‘ட்ரெய்ன் சிம் வேர்ல்ட்’ 2017 முதல் பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. மழைத்துளி கண்ணாடியில் வழிவதும், கேபினில் எழுந்து நடப்பதும் அதில் உண்டு. அதை விட்டுவிட்டு இருபது ஆண்டுக்கு முந்தைய கோப்புகளோடு மல்லுக்கட்டுவது வெறும் பழம்பெருமை இல்லையா? அழகு விஷயத்தில் போட்டியே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதை வெளியிடும் நிறுவனமும் பழையதை அடியோடு கைவிடவில்லை. இரண்டாம் பதிப்பு 2020-ல் வந்தபோது முந்தைய தடங்களைப் ‘பாதுகாக்கப்பட்ட தொகுப்பு’ என்ற பெயரில் எடுத்து வந்தது. ஆனால் அங்கே எதைக் காப்பது என்று முடிவு செய்பவர் உரிமையாளர். லாபம் தராத தடம் கரையேறுமா என்பது அவர் மனத்தைப் பொறுத்தது. எழுத்துக் கோப்புகளின் உலகில் அந்த அனுமதி யாருக்கும் தேவையில்லை. ஹிசாட்சு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலை ஏறுவதற்காக ஒரு சுழல் வளையத்துக்குள்ளேயே ரயில் பின்னோக்கித் திரும்பும் ஏற்பாடும் சேர்ந்த ஓகோபா நிலையம் அதில்தான் உள்ளது. ஜப்பானில் வேறெங்கும் இப்படி இல்லை. 2020 ஜூலை வெள்ளத்தில் குமா ஆற்றுப் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டதிலிருந்து யட்சுஷிரோ–யோஷிமட்சு இடையே ரயில் ஓடவில்லை. இன்று ஓகோபாவில் கிஹா டீசல் வண்டியை ஏற்றிப் பார்க்க வேண்டுமானால் 2001-ன் கோப்புகள் உதவும், அவற்றை இன்றைய கணினியில் ஓட்டிக்காட்டும் மென்பொருள் உதவும். பழம்பெருமை என்று இதைத் தள்ளுவது அவசரத் தீர்ப்பு.

இன்னொரு ஆட்சேபம் இதை விடக் கூர்மையானது. இயக்கத்தை மாற்றிய பின் அது பழைய ஆக்கமாகவே இருக்கிறதா? தடம் செய்தவர் ஓட்டுவதற்கென்று எழுதிவைத்த பணிகள், எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது உட்பட, பழைய கணக்கின்படி சோதிக்கப்பட்டவை. புதிய உராய்வு மதிப்புகளோடு ஓட்டினால் கூட்ஸ் வண்டி பாதி ஏற்றத்தில் நின்றுவிடும். நேர அட்டவணை குலைந்துபோகும். இது உண்மையான இழப்பு, மழுப்பிப் பயனில்லை. ஆனால் மூலக் கோப்பு கெடாமல் இருப்பதால் இந்த இழப்பு நிரந்தரமானது அல்ல. உட்கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டால் பழைய எண்கள் திரும்பிவிடும். மூலத்தையே திருத்தி மேலெழுதும் பழக்கம் உள்ளவர்களின் தொகுப்பில் இந்தத் திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது. ஆட்சேபம் எழுப்புகிறவர் கோபப்பட வேண்டியது இணைப்பின் மேல் அல்ல, மேலெழுதுவதன் மேல்.

வேறு மரபுகளோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதே 2001-ல் ஆஸ்திரேலியாவின் ஆரன் நிறுவனம் தொடங்கிய ‘ட்ரெய்ன்ஸ்’ வரிசையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனி அடையாள எண்ணும், அது எந்தப் பதிப்புக்காகச் செய்யப்பட்டது என்று சொல்லும் எண்ணும் உண்டு. ஒழுங்கான ஏற்பாடு, யார் எதைச் செய்தார், எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதில் குழப்பமே வராது. ஆனால் பதிப்பு கூடக்கூடச் சோதனையும் கடுமையாகி, முன்பு பிழையென்று யாரும் கருதாத பொருள்கள் பிழையுள்ளவை என்ற முத்திரையோடு ஒதுங்குகின்றன. அவற்றைத் திருத்த மூலத்தையே திறக்க வேண்டும். அங்கே செய்தவரின் உரிமை குறுக்கே வரும். இலவசமாகத் தந்த ஆக்கங்கள் பலவற்றோடும் ஒரு குறிப்புக் கோப்பு வரும். என் அனுமதியின்றித் திருத்தி வெளியிடாதீர்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். செய்தவர் எங்கே இருக்கிறார் என்று இன்று தெரியாமல் இருக்கலாம். இன்க்ளூட் முறை இந்த முடிச்சை வெட்டாமல் அவிழ்க்கிறது. வெளியிடப்படும் புதிய கோப்பில் மூலத்தின் உருவமும் இல்லை, ஒலியும் இல்லை. இருப்பது புதியவர் எழுதிய சில எண்களும் மூலத்தின் பெயரும் மட்டும். மூலத்தை அதன் இடத்திலிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும். உரிமையை மதிப்பதும் இயக்கத்தைத் திருத்துவதும் இங்கே ஒன்றோடொன்று மோதுவதில்லை.

இந்திய எஞ்சின்களையும் பெட்டிகளையும் இன்னும் செய்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய டபிள்யூ.டி.எம்.-2 கோப்பைத் திறந்து, எண்களை மாற்றி, புதிய பெயரில் சேமித்து, குறிப்புக் கோப்பை நீக்கிவிட்டு வெளியிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்குச் சரியென்று படும் எடையையும் உராய்வையும் பிரேக் அளவையும் தனி உட்கோப்புறையில் எழுதுங்கள். எந்த ஆவணத்திலிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். முதலில் அந்த எஞ்சினைச் செய்தவரின் குறிப்பை இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள்.