நிலை என்னும் சொல்

'நிலை' என்பது 'நில்' என்ற வினையடியில் பிறந்த பெயர்ச்சொல். நிலைத்திருத்தல் என்ற பொருளில் வழங்கும் 'நிரந்தரம்' வடசொல். இடைவெளி இல்லாமல் தொடர்வதை அது குறிக்கிறது. 'நிலை' காலத்தைப் பேசுமுன் காலைப் பேசுகிறது. குளத்தில் இறங்குகிறவருக்குத் தரை தட்டும் ஆழம் 'நிலை'; தட்டாவிட்டால் 'நிலையில்லாத' தண்ணீர். உறுதிக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் தேவையில்லை.

இச்சொல் அழகோடு விளங்கும் ஓரிடம் தச்சர் வழக்கு. கதவைத் தாங்கும் சட்டத்துக்கு நிலை என்றே பெயர். இருபுறமும் நிலைக்கால்கள், மேலும் கீழும் குறுக்குச் சட்டங்கள். கதவு ஆடுவது, நிலை ஆடாதது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து அதை நிறுத்துவார்கள். சற்றுச் சாய்ந்தாலும் கதவு தானாகத் திறக்கும், அல்லது தானாகச் சாத்திக்கொள்ளும். நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி நிலை வைப்பது வீடு கட்டுவோருக்கு ஒரு விழா. கோபுரத்தின் அடுக்குகளுக்கும் இதே பெயர்தான். திருவண்ணாமலை ராஜகோபுரம் 11 நிலை; 1987-இல் நிறைவுற்ற திருவரங்கத்து ராஜகோபுரம் 13 நிலை.

நிர்வாகத் தமிழ் இச்சொல்லிலிருந்து நிலைக்குழுவை ஆக்கிக்கொண்டது. உறுப்பினர்கள் மாறினாலும் குழு நிற்கும் என்பதால் பெயர் பொருந்துகிறது.

இலக்கணத்தில் சொல்லின் இன்னொரு முகம் தெரிகிறது. இரு சொற்கள் புணரும்போது முன் நிற்பது நிலைமொழி, வந்து சேர்வது வருமொழி. 'மரம்' என்பதோடு 'வேர்' சேர்ந்தால் 'மரவேர்'. மகரத்தை இழப்பது நிலைமொழியே. 'பொன்' என்பதோடு 'குடம்' சேர்ந்தால் 'பொற்குடம்'. அங்கும் திரிவது நின்ற சொல்தான். நிற்பது என்றால் மாறாதிருப்பது என்று தமிழ் கொள்ளவில்லை. 'அவர்கள் நிலை மாறிவிட்டது' என்னும் அன்றாடப் பேச்சில் முரண் தோன்றாததும் இதனாலேயே. எதிர்ச்சொல்லான நிலையாமையைத் தொல்காப்பியம் காஞ்சித் திணைக்குப் பொருளாக்கியது. திருக்குறள் அதற்கு 34-ஆம் அதிகாரத்தை ஒதுக்கியது.

ஆயினும் இச்சொல்லின் மிக நிறைவான ஆட்சி தேரோட்டத்தில்தான் இருக்கிறது. ஆண்டு முழுதும் தேர் நிற்கும் இடம் நிலை. வடம் பிடித்து இழுக்க, முட்டுக்கட்டை போட்டுத் திருப்ப, நான்கு வீதியும் சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே தேர் நிற்கிறது. அப்போது ஊரார் 'தேர் நின்றது' என்பதில்லை. 'தேர் நிலைக்கு வந்தது' என்கிறார்கள்.