கருந்துளை வேறு, புழுத்துளை வேறு

கிப் தோர்ன் 1994இல் எழுதிய ‘பிளாக் ஹோல்ஸ் அண்ட் டைம் வார்ப்ஸ்’ நூலை அரியாலையில் இருந்து ஆறுதலாக வாசித்து முடித்தேன். “கருந்துளை எண்டால் சுத்திவர உள்ள எல்லாத்தையும் உறிஞ்சிப் போடுமோ சேர்?” என்று இங்குள்ள பொடியள் கேட்பார்கள். இல்லை. சூரியனை 3 கிலோமீற்றர் ஆரத்துக்குள் நெருக்கினால் அது கருந்துளைதான். ஆனால் நிறை மாறாததால் பூமி பழைய பாதையிலேயே சுற்றும்.

தமிழில் ‘துளை’ என்ற சொல் இன்னொரு குழப்பத்தையும் தருகிறது. கருந்துளையும் புழுத்துளையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தெரிகின்றன. தோர்ன் அப்படிக் கலக்கவில்லை. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயதுச் சந்திரசேகர், சூரியனைவிட 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள வெண்குள்ள விண்மீன் நிலைக்காது என்ற முடிவை நோக்கிக் கணக்கிட்டார். 1935இல் எடிங்டன் சபையில் வைத்து எள்ளினார், கணக்கு நின்றது. நூல் வந்த பின் 2015இல் ஈர்ப்பலை பிடிபட்டது, 2019இல் எம்87 கருந்துளையின் படமும் வந்தது.

புழுத்துளைக்கு அப்படி எதுவும் இல்லை. கார்ல் சேகன் தன் நாவலுக்காகக் கேட்டதில் தோர்னின் ஆய்வு தொடங்கியது. எதிர்மறை ஆற்றலுள்ள பொருள் கிடைத்தால்தான் அதன் வாய் மூடாதிருக்கும். இதைக்கொண்டு மிஃராஜை விளக்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஈமானுக்கு இந்த முட்டு எதற்கு? நாளைக்குக் கணக்கு மாறினால் கேட்ட பிள்ளை எதைக் கைவிடும்?

சோவியத், அமெரிக்க ஆய்வாளர் கதைகளில் நூலின் நடுப்பகுதி கொஞ்சம் இழுபடுகிறது. உயர்தரப் பிள்ளைகள் 14ஆம் அத்தியாயத்துக்கு நேரே ஓடாமல், சந்திரசேகர் வருகிற 4ஆம் அத்தியாயத்தில் தொடங்கலாம்.